சுத்தமான விரிப்பு

"முந்நூறு மில்லி. அதுக்கு மேல போகாது" என்றார் பெரிய டாக்டர், குனிந்துகூடப் பார்க்காமல்.

கட்டிலில் கிடந்தது பிளாஸ்டிக் பொம்மை. பிள்ளை பெற்று அரை மணி நேரம் ஆனதாகப் பாவனை. அதன் கீழே வெள்ளை வெளேரென்று புது விரிப்பு. கட்டிலடியில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சிவப்புச் சாயத் தண்ணீர்.

எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது? அதுதான் கேள்வி. மற்ற பதினொரு டாக்டர்களும் தாளில் முந்நூறு என்றே எழுதினார்கள். பெரியவர் சொன்ன பிறகு வேறு எண் எழுத யாருக்கும் கை வரவில்லை.

பயிற்சி கொடுக்கும் நர்ஸ் தலைமாட்டில் நின்றிருந்தாள். இந்தப் பாவனையில் அவள் பெற்றவளின் தங்கை. கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டால் வாயே திறக்கமாட்டாள். ஆரம்பத்திலேயே இதைச் சொல்லியிருந்தாள்.

யாரும் கேட்கவில்லை.

திரையில் நாடித்துடிப்பு ஏறியது. நூற்றுப் பத்து. நூற்று இருபது.

மூடிய குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ சொட்டியது. சற்றுக் கழித்து மறுபடியும் சொட்டியது.

"முதல் பிரசவம்ல, பயந்திருப்பா" என்றார் பெரியவர். "ஏன் சிஸ்டர், நாங்க பார்க்காத ரத்தமா? சீக்கிரம் முடிங்க, சாப்பாடு ஆறிடும்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

நூற்று நாற்பது. திரை கூவத் தொடங்கியது. சிரித்தவர்களில் ஒருவர் மருந்துத் தட்டுக்கு ஓடினார். அதற்குள் கூவல் நின்று, கோடு நேரானது.

பொம்மை செத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் அவள் போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள். வாளி வழியச் சிவப்புச் சாயத்தில் ஊறிய துணி. மூன்று விரிப்பு, ஒரு போர்வை, ஒரு பாவாடை. ஒவ்வொன்றாகத் தராசில் போட்டாள். உலர்ந்த துணியின் எடையைக் கழித்தாள்.

"ஆயிரத்து எண்ணூறு மில்லி. உள்ளே வந்ததும் முதல்ல கேட்கவேண்டியது ஒண்ணுதான். விரிப்பை மாத்தினீங்களா?"

நேற்று ஊர்ப் பெண்களுக்கு நடத்திய கூட்டத்தில் இதையே வேறு மாதிரி சொல்லியிருந்தாள். துணியை ஒளிக்காதீங்க, துவைக்காதீங்க. டாக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க.

பெரியவரின் முகம் கறுத்துவிட்டது. "இது போங்கு ஆட்டம் சிஸ்டர். டாக்டர் வர்றதுக்குள்ள எந்த முட்டாள் இதையெல்லாம் எடுத்து மறைப்பா?"

"பதினாலு வயசுப் பொண்ணு சார். டாக்டர் வர்றாரு, அசிங்கமா கெடக்கு, எடுத்துக் கழுவுடின்னு ஆயா அதட்டினா, வேற என்ன செய்வா?"

நல்ல உதாரணம் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அவள் வாளியைக் குழாயடிக்கு இழுத்துப்போய் அலசினாள். இரண்டே அலசலில் சாயம் போய்த் தண்ணீர் தெளிந்துவிட்டது.

அன்றைக்கு அக்காவின் பாவாடை தெளியவே இல்லை. உள்ளேயிருந்து அம்மாவின் அலறல் கேட்கும்வரை அலசிக்கொண்டே இருந்தாள்.