முதுகு மட்டும்

"திரும்பாதடா! முதுகு மட்டும் தெரிஞ்சா போதும்!"

அருள்ராஜ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான். படகின் முனையில் மஞ்சள் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த வீரபாண்டி, கடலைப் பார்த்தபடியே முனகினான்.

"சீக்கிரம் எடுத்துத் தொலைடா மாப்ள. இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு உக்கார முடியல."

சட்டை வேலுச்சாமியுடையது. தொப்பியும் அவனுடையது. படம் எடுக்கிற போன்கூட அவனுடையதுதான்.

ஓமானில் சலாலாவைத் தாண்டி மிர்பாத்திலிருந்து கிளம்பிய படகு அது. திமிங்கலம் பார்க்க வந்த மற்றவர்கள் பைனாகுலரும் சிரிப்புமாக இருந்தார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். உண்மையும் அதுதான்.

இந்தப் பயணமே வேலுச்சாமி போட்ட திட்டம். மஸ்கட் ரூவியில் கடை வைத்திருக்கும் நுஃமானை நச்சரித்து, அவருக்கு விசா கொடுத்த கஃபீல் அரபியின் கேரவனைத் தேசிய தின லீவுக்கு வாங்கி வைத்தவன் அவன்தான். "ஊர்ல பாப்பாவுக்குத் திமிங்கலம் போட்டோ அனுப்பப் போறேன்" என்று கேம்ப் முழுக்கச் சொல்லித் திரிந்தான். லீவுக்கு முந்தின வாரம், டியூட்டி முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆம்புலன்ஸில் வந்தவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அந்த ரூமிலேயே, அழுகையோடு அழுகையாக அருள்ராஜ் முடிவு சொல்லிவிட்டான். "உடம்பு என்னைக்கு ஊருக்குப் போகும்னு தெரியாம அவன் பொண்டாட்டி சரோஜாகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. சொல்லிட்டா, உடம்பு வந்து எடுக்கிற வரைக்கும் அந்த வீட்டுல அடுப்பு எரியாது. அக்கம்பக்கம் எத்தனை நாள் சோறு போடும்? அவன் அம்மாவும் சின்னப் பிள்ளையும் பட்டினி கிடக்கணுமா?"

கல்ஃபில் இது புதிதில்லை. பேப்பரெல்லாம் முடியாமல் வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டுமென்பதால் வேலுச்சாமியின் தம்பி கோபாலசாமிக்கு மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். அதற்குள் லீவு வந்து ஆபீஸ்களைப் பூட்டிவிட்டார்கள்.

வேலுச்சாமியின் போன் கட்டிலுக்கடியில் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. எடுத்துச் சார்ஜ் போட்டால், சரோஜாவின் மெசேஜ். 'கேரவன்ல எப்பக் கிளம்புறீங்க? அருணா திமிங்கலம் போட்டோ கேக்குறா.'

போகாவிட்டால் சந்தேகம் வரும். அதற்காகவே இத்தனை தூரம் பாலைவனத்தில் கேரவனை ஓட்டி வந்தார்கள். உள்ளே மூன்று படுக்கை. மூன்றாவதில் ஒரு பையைக்கூட வைக்க இருவருக்கும் மனசு வரவில்லை. 'இங்க டவர் இல்ல, பேச முடியாது' என்று வேலுச்சாமி பேரில் அருள்ராஜ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே வந்தான்.

படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். ஓமானிதான், ஆனால் ஹிந்தியில் பேசினார்.

"மத்த கடல் திமிங்கலம் வருஷா வருஷம் ஊர் விட்டு ஊர் போகும், பாயி. எங்க கடல்ல இருக்கிறது எங்கேயும் போகாது. இங்கேயே பிறந்து இங்கேயே சாகும்."

வீரபாண்டி தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் கை காட்டிக் கூவினார்கள். தண்ணீரைப் பிளந்துகொண்டு கறுப்பாக, பெரிதாக, திமிங்கலத்தின் முதுகு எழுந்தது. முகம் தெரியவில்லை. அருள்ராஜ் இரண்டு முதுகையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துக்கொண்டான்.

கரைக்கு வந்ததும் படத்தை அனுப்பினான்.

கேரவனுக்குள் வீரபாண்டி சட்டையைக் கழற்றி, மடித்து, அந்த மூன்றாவது படுக்கையில் வைத்தான்.

"ஒரு பொம்பளைய இப்படி ஏமாத்துறது பாவம்டா."

"அந்தப் பாவம் எனக்கே வந்து சேரட்டும். நீ சும்மா இரு."

வேலுச்சாமியின் போனில் பதில் வந்தது. 'படம் ரொம்ப நல்லா இருக்கு. அருணா ஸ்கூல்ல எல்லாருக்கும் காட்டணுமாம்.'

அருள்ராஜ் பெருமூச்சு விட்டான். அப்போது அவனுடைய சொந்தப் போன் அடித்தது. சரோஜா. இந்த நம்பருக்கு அவள் கூப்பிட்டதே இல்லை. எடுத்தான்.

"என்னம்மா தங்கச்சி? வேலு குளிக்கப் போயிருக்கான். வந்ததும்..."

"அண்ணே, மஞ்சள் சட்டையில இருக்கிறது வீரபாண்டி அண்ணன்தானே?"

அருள்ராஜ் மூன்றாவது படுக்கையில் இருந்த சட்டையைப் பார்த்தான்.

"கோபாலசாமி சொல்லிட்டானாம்மா?"

"கொழுந்தன் சொல்லல. எனக்குத் தெரியும்னு அவருக்கே தெரியாது."

"அப்புறம் எப்படிம்மா?"

"எங்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போதுதாண்ணே அவரு சரிஞ்சாரு. லைன் கட் ஆகல. நீங்க எல்லாரும் அழுதது, அடுப்பு எரியாதுன்னு நீங்க சொன்னது, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நாளைக்கும் போட்டோ அனுப்புங்கண்ணே... அத்தைக்கும் பாப்பாவுக்கும் இப்பத்தான் சோறு வடிச்சு இறக்குனேன்."