தவம் கிடந்து பிடித்த சாம்பிள்

“கினிபிக் மூத்திரத்துல கால்சியம் வெள்ளை மாவு மாதிரி படிஞ்சா பயமில்ல. இது மணல் மாதிரி நறநறங்குது, ரத்தமும் இருக்கு. இதுக்குத்தான் கவலைப்படணும்,” என்றார் கால்நடை டாக்டர், பாட்டிலை ஆட்டிக் காட்டியபடி.

எலி போன்ற அந்தச் செல்லப்பிராணி கினிபிக்கை மடியில் வைத்திருந்த மனைவிக்குக் கண் கலங்கியது. இடுப்பைப் பிடித்தபடி நின்ற கணவனுக்கு முகம் பேயறைந்தாற்போல் ஆனது.

“ஆனா எக்ஸ்ரேல ஒரு கல்லையும் காணோமே. சாம்பிள் பிடிச்சது யாரு?”

“இவர்தான், டாக்டர். கூண்டு பக்கத்துலயே காலையிலேர்ந்து தவம் கிடந்து பிடிச்சார்.”

கணவன் டாக்டர் பக்கம் குனிந்தான்.

“அது ஒரு சொட்டுகூட விடல டாக்டர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில நானே பாட்டிலை நிரப்பிட்டேன்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கினிபிக்கை முத்தமிட்டாள்.

“அப்பாடா, என் தங்கத்துக்கு ஒண்ணுமில்ல.”