ஒயர் இல்லாத சுவிட்ச்

விரலால் தடவியே பனியன் துணிக்குத் தரம் சொல்லும் மயிலாத்தாள், முதலிபாளையத்துப் புது வீட்டுக்குச் சுவிட்சையும் அப்படித்தான் தேடினாள். வியாழக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். இரண்டு கடைகளைத் தள்ளிவிட்டு, பல்லடத்துக் கடையில் மாதிரிப் பலகையிலிருந்த சுவிட்ச் ஒன்றை அழுத்தினாள். அதற்கு ஒயரே கிடையாது.

"வெண்ணெயாட்ட எறங்குதுங்க."

கணவன் வெள்ளியங்கிரியின் செல்போன் அடித்தது. புது வீட்டிலிருந்து எலக்ட்ரீசியன் முனீஸ். "அண்ணாச்சி, ஹால்ல லைட்டு எரியுது. இன்னும் கரண்டே இழுக்கலியே."

விஷயத்தைக் கேட்ட மயிலாத்தாள் சுவிட்சை அணைத்தாள்.

"இப்ப அணைஞ்சிட்டு," என்றான் முனீஸ்.

"இதையே கழட்டிக் குடுங்க. பலகைல கெடந்த சரக்கு, பாதி வெலைதானுங்க," என்றாள் அவள்.

வெள்ளியங்கிரிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துச் சுவிட்சுக்கு அவனும் விரலை நீட்டினான்.

"அதை அமுத்தாதீங்க," என்றார் கடைக்காரர், திருகாணியைக் கழற்றியபடியே. "அந்த ஊட்ல கொழந்தை தூங்குதுங்க."