ரவுண்டு சீல்

"ஐயையோ, என்ன காரியம்ணே செஞ்சீங்க! அது அமெரிக்கா எலெக்‌ஷன் ஓட்டுண்ணே!"

கிளார்க் பாலகுரு தலையில் கை வைத்துக்கொண்டான். அம்மையப்பன் மேஜையில் கிடந்த கவரைப் பார்த்தார். அதன் முகப்பில் வட்டமாக அரபி எழுத்து, நடுவே ஆங்கிலத்தில் 2000 நவம்பர் 4 என்று தேதி. நீல மை இன்னும் காயவில்லை.

கத்தாரில், அந்த ராஸ் லஃபான் சைட் ஆபீஸில் அம்மையப்பனுக்கு இன்ன வேலை என்று கிடையாது. டீ போடுவார், ஜெராக்ஸ் எடுப்பார், ஆட்களுக்குக் கூப்பன் கொடுப்பார், மத்தியானம் தபாலைக் கட்டி வண்டியில் ஏற்றுவார். இன்றைய தபாலில் இன்ஜினியர் டிரானின் கவர் மட்டும் சீல் இல்லாமல் மொட்டையாக இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"சீல் இல்லாத பேப்பர் இந்த ஊர்ல எங்கடா நகருது? போன வருஷம் என் லீவ் பேப்பர்ல சீல் இல்லேன்னு ஏர்போர்ட்லேருந்தே திருப்பி அனுப்பிட்டானுங்க. தங்கச்சி கல்யாணத்தையே நான் பாக்கல. அந்த மனுஷனுக்கும் அப்படி ஆயிடக் கூடாதேன்னுதான்..."

"அங்க கண்ட இடத்துல சீல் இருந்தா ஓட்டே செல்லாதுண்ணே!"

எந்த சீல் என்று பாலகுரு கேட்கவில்லை. அம்மையப்பனும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் டிரானே வந்துவிட்டார். கவரைக் கையில் எடுத்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

"அப்பன்," என்றார். முழுப் பெயர் அவர் வாயில் நுழையாது. "எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவன். போன வருஷம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இதுதான் என் வாழ்க்கையில் முதல் ஓட்டு."

அம்மையப்பனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'சாரி சார்' மட்டும்தான் அப்போது வந்தது.

"வேறு சீட்டு வாங்க நாள் இல்லை. இப்படியே அனுப்பு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஜனவரியில் அவருடைய விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவரும் இதே டிரான்தான்.

நாலாம் நாள் தேர்தல் முடிந்தது. ஆனால் முடிவு மட்டும் வரவே இல்லை. கேம்ப் டிவியில் தினமும் அதே கூத்து. ஒரு ஆள் ஓட்டுச் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினான்.

"கள்ள நோட்டு பாக்குற மாதிரி பாக்குறான் பாருங்க. உங்க சீலைப் பாத்தா விடுவானா?" என்றான் பாலகுரு.

அம்மையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. விசா போனால் போகட்டும். படகேறி உசிரைக் காப்பாத்திக்கிட்டு வந்தவனோட முதல் ஓட்டை நாசம் பண்ணிட்டோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

இரண்டு வாரம் கழித்து டிரான் தன் கேபினுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். "எதுக்கும் பெட்டியைக் கட்டி வைக்கிறேண்ணே," என்றான் பாலகுரு. அம்மையப்பன் உள்ளே போனார்.

டிரான் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பன், என் மகள் சட்டம் படிக்கிறாள். எங்கள் ஊரில் ஓட்டு எண்ணிய மேஜையில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டு ஓட்டு வந்ததும் வக்கீல்கள் சண்டை. தேர்தல் நாளுக்கு முன்னால் அனுப்பியதற்குக் கவரில் முத்திரை வேண்டும், இல்லையென்றால் தள்ளு என்றார்கள். என் கவரில் தபால் முத்திரை வழியில் எங்கோ விழாமலே போயிருக்கிறது. வெளிநாட்டுப் பெயர், முத்திரையும் இல்லை என்று ஒருத்தர் தூக்கி எறியப் போனாராம். இன்னொருத்தர் பிடுங்கி, 'இதோ கத்தார் சர்க்கார் முத்திரை, இதோ தேதி!' என்று காட்டியிருக்கிறார். அரைமணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என் ஓட்டை எண்ணிவிட்டார்கள்!"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அம்மையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, சாமி காப்பாற்றினார்!

"உன்னால்தான் நான் அமெரிக்கன் ஆனேன். ரொம்ப நன்றி, அப்பன். விசா பேப்பரைக் கொண்டு வா, இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்." வெள்ளைத் தாள் ஒன்றை மேஜையில் விரித்தார். "அந்த சீலை இதில் ஒரு தடவை அடி. பிரேம் போட்டு என் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறேன்."

அம்மையப்பன் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து சீலை எடுத்து அழுத்தினார்.

"மகள் கேட்டாள். இந்த அரபியில் என்ன எழுதியிருக்கிறது?"

அம்மையப்பனுக்கு அரபி தெரியாது. பக்கத்து ரூமில் இருந்த டைம் கீப்பர் சுஐபுவைக் கூப்பிட்டார். கீழக்கரைக்காரர், மதரசாவில் படித்தவர்.

"பாய், இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

சுஐபு தாளைப் பார்த்தார், அம்மையப்பனைப் பார்த்தார், ஆவலோடு நின்ற டிரானைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் மெல்லச் சொன்னார்:

"மத்தியானச் சாப்பாடு ஒன்று. லேபர் மெஸ்ஸைத் தவிர வேறெங்கும் செல்லாது."