இருக்கிறதிலேயே பெரிய டிரம்பெட்காரர்

“செத்துப்போனவங்களைச் சேர்க்கக் கூடாது. இப்ப உயிரோட இருக்கிற ஜாஸ் டிரம்பெட்காரங்கள்ல பெரிய ஆளு யாரு? சொல்லுங்க பார்ப்போம்” என்று மடக்கினாள் சுகன்யா.

இது 2003-ல் நடந்தது. அக்கா கழுத்தில் தாலி ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அரியலூர் கல்யாண மண்டபத்து வாசலில் பெண்ணின் தங்கை, மாப்பிள்ளையின் சிநேகிதனோடு சண்டைக்கு நிற்கிறாள். திருச்சியில் எம்.ஏ. படிக்கிறவள். ஹாஸ்டல் தோழி புண்ணியத்தில் ஜாஸ் பைத்தியம் பிடித்தவள். ஜாஸ் என்றால் திருதிருவென்று விழிக்காத ஒருத்தன் இந்தப் பக்கத்தில் அகப்பட்டால் சும்மா விடுவாளா?

தமிழ்மாறன் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற என்ஜினீயர்.

“விண்டன் மார்சாலிஸ்” என்றான், யோசிக்காமல்.

“அய்ய! கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு, பரீட்சைக்குப் படிச்சுட்டு வந்த மாதிரி வாசிப்பாரே, அவரா?”

“ஏன், கோட்டு போட்டா ஊத வராதா?”

“ஃப்ரெடி ஹப்பர்ட் பக்கத்துல நிக்க முடியுமா அவரால? உதடு கிழிஞ்சு புண்ணான பிறகும் வாசிச்ச மனுசன். டிரம்பெட்னா அதுல வலி தெரியணுங்க!”

“கேக்கிறவங்களுக்கு அது நல்லாத்தான் இருக்கும். ஊதுறவருக்கு?”

சுகன்யாவுக்குச் சுள்ளென்று ஏறியது.

“உங்களுக்கு வரலாறே தெரியலை. அந்தக் காலத்துல அமெரிக்காவுல கறுப்பு வாத்தியக்காரங்க மேடையில வாசிச்சா வெள்ளைக்காரனுங்க கை தட்டுவானுங்க. சாப்பாடு மட்டும் பின்பக்கம், அடுப்படியில. நினைச்சாலே எனக்கு ரத்தம் கொதிக்குது. நீங்க என்னடான்னா கோட்டைப் பார்த்து மயங்குறீங்க!”

“அதுக்காகத்தான் பிடிக்குது. மார்சாலிஸும் கறுப்பு ஆளுதான். ஆனா முன்வாசல் வழியா உள்ள போறாரு.”

“ஏசி ரூம்ல உக்காந்திருக்கிற உங்களுக்கெல்லாம் அந்த வேதனை எங்க புரியப் போகுது!”

தமிழ்மாறன் சிரித்தான். ஆளை வாயடைத்துவிட்டதில் அவளுக்குப் பரம திருப்தி. இருந்தாலும் முறையாக ஒரு தீர்ப்பு வேண்டாமா? பந்தல் ஓரத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த பேண்டு செட்டைப் பார்த்தாள்.

“ஹலோ, டிரம்பெட்! இங்க வாங்க.”

அருள்முருகன் சிவப்புக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தானை மாட்டியபடியே ஓடி வந்தான். சுகன்யா கைப்பையிலிருந்து சிடி பிளேயரை எடுத்து, அவன் காதில் இயர்போனைச் செருகி, முதலில் மார்சாலிஸ், அப்புறம் ஹப்பர்ட் என்று ஆளுக்கு ஒரு நிமிஷம் ஓடவிட்டாள்.

“இவங்க எந்த ஊரு செட்டுங்க?”

“அமெரிக்கா.”

“ரெண்டு பேருமே பெரிய கைங்கதான். ஆனா மொத ஆளு வயிறார சாப்புட்டுட்டு ஊதியிருக்காருங்க. மூச்சுலயே தெரியுது.”

“தீர்ப்புச் சொல்லச் சொன்னா சாப்பாட்டைப் பத்திப் பேசுறீங்க!”

“விடியக்காலம் ஒரு டீயோட நிக்கிதுங்க. ரெண்டு மணிக்குப் பெரம்பலூர்ல இன்னொரு விசேசம். எங்களுக்கு எலை எப்பங்க போடுவாங்க?”

சுகன்யாவுக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது.

“இப்பவே வாங்க. முதல் பந்தி. உள்ள, எல்லாரோடயும்.”

“உள்ளயாங்க? வேணாங்க... எப்பவும் போல பின்னாடியே...”

“ஏன் பின்னாடி? இது என்ன அமெரிக்காவா? ஏழு பேரும் வாங்க!”

சிவப்புக் கோட்டுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். வாசலில் அப்பா அரங்கநாதன் அவளைத் தனியே இழுத்தார்.

“என்ன பாப்பா இது? காலனி ஆளுங்க. உள்ள வுட்டா மாப்பிள்ளை வகையறா எலையை வுட்டு எந்திரிச்சிருவாங்க. அக்கா இன்னிக்குத்தான் அந்த வூட்டுல காலெடுத்து வைக்குது. உன்னால அதுக்கு ஒரு பேச்சு வரணுமா?”

சுகன்யா வாயைத் திறந்தாள். பேச்சுப் போட்டிகளில் கப்பு கப்பாக வாங்கிய வாய். அது மெல்ல மூடிக்கொண்டது.

திரும்பி வந்தாள்.

“அது வந்து... உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. பின்னாடின்னா உங்களுக்கு நல்லா காத்தோட்டமா இருக்கும். பாயசம் ரெண்டு தடவை ஊத்தச் சொல்றேன்.”

“சரிங்க” என்றான் அருள்முருகன். அவள் பேச ஆரம்பிக்கும்போதே அவன் பாதி திரும்பியிருந்தான்.

ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில், தரையில் ஏழு இலை விழுந்தது. குறை ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று சுகன்யாவே நின்று விசாரித்தாள். அப்பளம் வந்ததா, கூட்டு போதுமா, பாயசம் இன்னும் கொஞ்சம்...

உள்ளே முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ்மாறன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். இலையில் கை வைக்காமலே எழுந்தான். நேராகப் பின்பக்கம் வந்தான்.

“அய்யய்யோ, நீங்க எங்க இங்க? மாப்பிள்ளையோட ஃபிரண்டு நீங்க. யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க! உள்ள போயி உக்காருங்க” என்று பதறினாள் சுகன்யா.

அவளைவிட அதிகமாகப் பதறினான் அருள்முருகன். “உள்ள போங்க சார்... போங்க...” என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

தமிழ்மாறன் பட்டு வேட்டியோடு புழுதியில் சம்மணம் போட்டான். முழங்கையால் அருள்முருகனை ஓர் இடி இடித்தான்.

“தள்ளி உக்காருண்ணே. நீ சாப்புட்டியா இல்லையான்னு அம்மா என்னையத்தான் கேக்கும்.”