ஒத்தை விசில்

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா பந்தயக் கமிட்டிச் செயலாளர் காதுல விழுந்துடும். மனுஷனுக்கு இன்னும் ஆறலை.

"யோவ், நில்லுய்யா! அந்தப் பக்கம் இல்ல!"

செயலாளர் ஸ்கூட்டர்ல இருந்தபடியே கத்துறார். கொடியைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுற டிரைவர் அதைக் காதுலயே போட்டுக்கலை. நேராப் போக வேண்டிய முக்குல இடது பக்கம் திரும்பிட்டார். மொத்தக் கூட்டமும் அவர் பின்னாலேயே திரும்பிடுச்சு.

"காலம் பூரா இந்த ஊர்ல பஸ் ஓட்டின ஆளு, வழி தெரியும்னு கொடியைக் கொடுத்தா, இப்படிக் கவுத்துட்டானே!"

இனி மருந்துக்குக் கேட்காதுன்னு ஆனவங்களைக் கடைசிவரை வலி தெரியாமப் பார்த்துக்கிற இல்லம் ஒண்ணு அந்த இடது பக்கத் தெருவுல இருக்கு. அதுக்குப் பணம் திரட்டத்தான் இந்த ஓட்டம். கடைத்தெரு முனை வரைக்கும் கொடியை யாரும் முந்தக் கூடாது, அதுக்கப்புறம்தான் நிஜப் பந்தயம்னு பேச்சு.

அந்த இல்லத்துலதான் டிரைவரோட பழைய கண்டக்டர் படுத்திருக்கார். ஊர் அவருக்கு வெச்ச பேரு 'சில்லறை'. மீதிச் சில்லறையை அவர் யாருக்கும் கொடுத்ததாச் சரித்திரமே கிடையாது. கேட்டா, "இறங்கும்போது வாங்கிக்குங்க"ம்பார். இறங்கின காலு தரையில படுறதுக்குள்ள ரெட்டை விசில் ஊதிடுவார். பஸ் பறந்துடும்.

போன வாரம் பார்க்கப் போன டிரைவர்கிட்ட அவர் கேட்டார்: "எங்களுக்காக ஓடப் போறியாமே மாப்ளே? உன் தொப்பை ஓடுற அழகை நான் பார்க்க வேண்டாமா? அடுத்த வருஷம் பார்த்துக்கிறேன்னு சொல்ற நிலைமையிலயா இருக்கேன்?"

டிரைவர் நேரா செயலாளர்கிட்ட போனார்.

"சார், ஓட்டத்தை இல்லத்துத் தெரு வழியா விட்டா என்ன?"

"அவங்களைப் பார்த்தா ஓடுறவங்களுக்கு உற்சாகம் போயிடும்யா. போட்டோவும் நல்லா வராது."

திரும்பி வந்து சொன்னப்போ கண்டக்டர் சிரிச்சார். "அது கெடக்கு. கொடி யார் கையில?"

அதான் இந்த இடது பக்கம்.

இப்போ டிரைவருக்கு மூச்சு வாங்குது. மனசுக்குள்ள ஒரே பதைப்பு. நேத்து கண்ணைக்கூடத் திறக்காமக் கிடந்தானே, வாசலுக்கு வந்திருப்பானா?

தெரு வளைஞ்சது. வாசல்ல வரிசையாச் சக்கர நாற்காலிங்க. நடுவுல ஒரு காக்கிச் சட்டை. ஆள் பாதியா இளைச்சிருந்தார், சட்டை மட்டும் பழைய அளவுலயே இருந்தது. மடியில தோல் பை.

"ப்பீ!"

ஒத்தை விசில். டிரைவர் பிரேக்கை மிதிச்ச மாதிரி நின்னார். பழகின காலாச்சே! பின்னால வந்தவங்க ஒருத்தர் முதுகுல ஒருத்தர் மோதி நின்னாங்க.

"என்ன மாப்ளே, வண்டி லேட்டு?"

"கூட்டம் ஜாஸ்தி மச்சான்," டிரைவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

"டிக்கெட், டிக்கெட்! எடுக்காம யாரும் நகரக் கூடாது!"

"ஓட வந்தவங்ககிட்ட ஏது தாத்தா காசு?" முன்னால நின்ன பொண்ணு சிரிச்சா.

"யார்கிட்ட கதை விடுறே? வீட்டுக்குத் திரும்பிப் போக பஸ் காசு வெச்சிருப்பே, எடு. இன்னிக்கு ஒரு நாள் நடந்து போ."

கூட்டம் கொல்லுனு சிரிச்சது. காலுறைக்குள்ள இருந்தெல்லாம் காசு வந்துச்சு. பக்கத்து நாற்காலி அம்மா, "உள்ளே போங்க, படியில நிக்காதீங்க!"ன்னு குரல் கொடுத்தாங்க. கேமராக்காரர் பாஞ்சு பாஞ்சு படம் எடுத்தார்.

செயலாளர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே புகுந்தார். "யாரைக் கேட்டுய்யா நீ..."

கேமரா அவர் பக்கம் திரும்புச்சு. சட்டுனு ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கிட்டார்.

"சார், நீங்க டிக்கெட்?"

மேடையில வள்ளல் மாதிரிப் பேசினதோட சரி, செயலாளர் அதுவரைக்கும் காலணா எடுத்ததில்லை. எல்லார் கண்ணும் அவர் மேல. பர்ஸைத் துழாவினா, இருந்தது ஒரே ஒரு பெரிய நோட்டு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நீட்டினார்.

"சின்னதா ஒண்ணு போட்டுக்கிட்டு மீதியைக் கொடுங்க."

கண்டக்டர் நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். நீளவாக்குல மடிச்சு விரலிடுக்குல செருகிக்கிட்டார். மடியில இருந்த பை, அவர் மூச்சு விட்டாலே கலகலன்னுது.

"சில்லறை இல்லையே சார். இறங்கும்போது வாங்கிக்குங்க."

சொல்லிட்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ரெட்டை விசில் ஊதினார்.