விசில் வாய்க்குப் போன பிறகு

விசில் வாய்க்குப் போய்விட்டால் யாரும் பேசக் கூடாது. எங்கும் எழுதிவைக்கப்படாத விதி அது. நரி வேட்டைக்கு வருகிற எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டே இருந்தார்கள். விசில் ஒலியை முயலின் கதறல் என்று நம்பி வரும் நரி, ஒரு மனிதச் சொல் காதில் விழுந்த கணமே திரும்பி ஓடிவிடும்.

அந்த விதிக்கென்றே பிறந்தவன் சுஜீதன் என்று தங்கராசா நினைப்பார். வேட்டைக்கு வெளியிலும் அவன் குரல் பக்கத்துக் கதிரையில் இருப்பவரைத் தாண்டாது. கோயில் திருவிழாவில், வழியை மறித்து நின்ற காரின் இலக்கத்தை அறிவிக்கச் சொல்லி யாரோ மைக்கைக் கொடுத்தபோது, அதை நிலத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்கு நடந்துவிட்டான். கடல் கடந்து அவர்கள் குடியேறிய வெரிபீ ஊரின் தமிழர்கள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

வெரிபீயிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருந்தது அந்தப் பண்ணை. ஆடுகள் குட்டி ஈனும் ஆகஸ்ட் மாதம். ஒரே வாரத்தில் ஒன்பது குட்டிகளை நரிக்குப் பறிகொடுத்த பண்ணைக்காரர் அவர்களைக் கூப்பிட்டிருந்தார். நரியைச் சுடும் துவக்கும் அதற்கான அனுமதியும் தங்கராசாவுடையவை. படகில் வந்து தற்காலிக விசாவில் இருக்கும் சுஜீதனிடம் இருந்தது, சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய தகர விசில் மட்டுமே.

விடிந்தும் பனி விலகாத நேரம். காற்று முகத்தில் படும்படி வேலியோரம் அமர்ந்து, இருவரும் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த பிளேன்டீயைக் குடித்தார்கள்.

“உன்ரை விசிலுக்கு நரியெல்லாம் ஓடி வருது. ஒரு பொம்பிளை வரேல்லையேடா,” என்றார் தங்கராசா.

“நரி விசா கேக்காது அண்ணை.”

தங்கராசா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல, கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னேரம் வெளியிலை எங்கையும் போகாதை. அக்கா லதீஸின்ரை படத்துக்கு மாலை போடப்போறாவாம். பதினாறு வருசம் வழி பாத்தது போதுமாம்.”

சுஜீதன் கோப்பையைக் கீழே வைத்தான். மூன்று வருடங்களாக அவன் தங்கியிருப்பது, மகன் லதீஸ் வந்தால் அவனுக்கென்று தங்கராசாவின் மனைவி சிவனேஸ்வரி அக்கா ஒதுக்கிவைத்திருந்த அறையில். போர் முடிந்த அந்த மே மாதத்தில், பதினேழு வயதில், வன்னியில் இராணுவம் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. லதீஸ் வந்த அன்றே தான் மாறிவிடுவதாகச் சொல்லித்தான் அந்த அறைக்குள் சுஜீதன் பெட்டியை வைத்திருந்தான்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“போடக் கூடாதெண்டனான். செத்தவைக்குத்தான் மாலை. என்ரை பிள்ளை செத்ததை ஆர் கண்டது?”

தங்கராசா குரலைத் தாழ்த்தினார்.

“உனக்கு ஒண்டு சொல்லுறன். அக்காவுக்கும் தெரியாது. அவனை ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போகேல்லை. பாலத்தடியிலை ஒரு பெடியன் மைக்கிலை கூப்பிட்டவன். ‘ஒரு நாள் இயக்கத்திலை இருந்தவையும் வாங்கோ, பதிஞ்சுபோட்டு விட்டிடுவினம், பயப்பிடாதேங்கோ’ எண்டு. லதீஸ் மாட்டன் எண்டவன். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் விட்டனான்.”

“ஏன் அண்ணை விட்டனீங்கள்?”

“எங்கடை தமிழ், எங்கடை பெடியன். அந்தக் குரலிலை பொய் இல்லையடா. அதை நம்பித்தான் நான் இன்னும் இருக்கிறன். விட்டிடுவினம் எண்டவன்தானே? விடுவினம்.”

சுஜீதன் விசிலை எடுத்து, பல்லுக்கும் நாக்குக்கும் இடையில் வைத்தான். தங்கராசா துவக்கை எடுத்தார். விதிப்படி பேச்சு அதோடு முடிந்தது.

கதறல் எழுந்தது. காயப்பட்ட முயலின் குரல்தான். ஆனாலும் கைக்குழந்தையின் அழுகையைப் போலவே பனிக்குள் ஊடுருவிப் போயிற்று. ஒருமுறை. சற்று இடைவெளி விட்டு இன்னொருமுறை.

எதிர்ப்புறப் புல்மேட்டில் மெலிந்த நரி ஒன்று தலை தூக்கியது. பற்றைக்குள் பதுங்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவேயில்லை. கூப்பிட்ட திசையை நம்பி, காதுகளை முன்னே நிமிர்த்திக்கொண்டு, வெட்டவெளியால் நேரே வந்தது. எண்பது அடி. அறுபது. தங்கராசாவின் விரல் விசையைத் தொட்டது.

விசில் நின்றது. சுஜீதன் அதை உள்ளங்கையில் துப்பிவிட்டு எழுந்து நின்றான்.

“அண்ணை, அக்காவை மாலை போடச் சொல்லுங்கோ!”

நரி ஒரே பாய்ச்சலில் மறைந்தது. இந்த மூன்று வருடங்களில் சுஜீதன் உரத்துப் பேசித் தங்கராசா கேட்டது அதுதான் முதல் தடவை.

“விசரா! கதைக்கிற நேரமே இது?” என்று சீறித் துவக்கைத் தாழ்த்திய பிறகுதான், அந்தச் சொற்கள் அவருக்கு உறைத்தன. “மாலையோ? என்ரை பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு உனக்கென்னடா தெரியும்?”

சுஜீதன் இப்போதும் குரலைத் தாழ்த்தவில்லை.

“பாலத்தடியிலை கூப்பிட்டது நான்தான் அண்ணை.”